ஏழு மொட்டில் ஆறு

குளித்து ஈரம் காயாத கூந்தலோடு, ஒரு பித்தளைத் தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி ஷிப்ரா மரத்தடியில் நின்றாள். தட்டில் ஒரு கிண்ணம் தயிர், ஒரு வாழைப்பழம், ஆறு பச்சைப்பயறு. நடுவில் ஒரு வெற்றிலை. அதன் மேல் ஒன்றும் இல்லை.

“தீதி, ஆறே ஆறு மொட்டு. குடுங்களேன்.”

தீதி என்றால் அக்கா. நான் மரத்தைத் திரும்பிப் பார்த்தேன். பார்க்கத் தேவையே இல்லை. மரத்தில் மொத்தம் ஏழு மொட்டுதான் இருந்தது. முந்தின நாள் மாலை எண்ணி நோட்டில் எழுதியிருந்தேன்.

“இன்னிக்கு முடியாது ஷிப்ரா,” என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. “ஆச்சா,” என்று, சரி என்பதற்கான வங்காளச் சொல் ஒன்றை மட்டும் சொன்னாள். தட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். அவள் நின்ற இடத்தில் கூந்தலிலிருந்து சொட்டிய நீர் சிமென்டுத் தரையில் சின்னச் சின்ன வட்டங்களாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் அதுவும் காய்ந்துபோயிற்று.

மகனுக்காக விரதமிருந்த ஒருத்தி கேட்ட ஆறு மொட்டை இல்லையென்று சொன்னவள் நான். வாசகர்கள் என்னைத் திட்டலாம். திட்டுவதற்கு முன்னால், அந்த ஏழு மொட்டு வருவதற்கு ஒன்பது வருஷம் ஆன கதையைக் கேட்டுவிடுங்கள்.

தேதி பற்றி ஒரு வார்த்தை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் நோட்டுகளைத் தெரியும். ஓர் அரசு அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் முப்பது சொச்சம் வருஷம் இருந்தவள் நான். வேலையை விட்டு வந்த பிறகும் பதிவேடு என்னை விடவில்லை. பால்காரர் மாறிய நாள், சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்த நாள், கொல்கத்தாவில் நாங்கள் இருக்கும் பெஹாலாவில் இந்த வருஷத்து முதல் மாம்பழம் பார்த்த நாள் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் இங்கே தேதி போடுவதில்லை. அது என் கணவர் போட்ட சட்டம். அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். ஹவுராவில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் மெஷினோடு வாழ்க்கையைக் கழித்தவர். முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, “ஏட்டி, இது கதையா, ரயில்வே டைம்டேபிளா? பங்குனி மாசம் ஒரு காலையிலன்னு எழுது. போதும். படிக்கிறவன் உங்கூட பரீட்சையா எழுதப் போறான்?” என்றார்.

ஆகவே பங்குனி மாதம் ஒரு காலை. வங்காளிகளுக்குச் சைத்ர மாதம். வளர்பிறை ஆறாம் நாள், அசோக சஷ்டி.

பிள்ளை பெற்ற வங்காளிப் பெண்கள் அன்று காலை குளித்துவிட்டு, பட்டினியோடு, ஆறு அசோக மொட்டையும் ஆறு பயறையும் தயிரிலோ வாழைப்பழத்திலோ பொதிந்து, பல் படாமல் விழுங்குவார்கள். பிள்ளைகளுக்குத் துயரம் வரக்கூடாது என்பதற்காக. மலர்ந்த பூ ஆகாது. மொட்டுதான் வேண்டும்.

இதைக் கேட்டு ஆச்சரியப்படும் தமிழ் வாசகர்கள், சித்திரை முதல் நாள் நாம் வேப்பம்பூப் பச்சடி தின்பதை நினைத்துக்கொள்ளவும்.

நெட்டிலிங்கத்தை அசோகம் என்று நம்பிய காலம்

நான் வளர்ந்தது கார்டன் ரீச்சில், ரயில்வே குடியிருப்பில். எங்கள் வீட்டுக்கு எதிரே வரிசையாக ஏழு மரங்கள், ராணுவத்தில் நிற்பதுபோல் விறைப்பாக நிற்கும். விளிம்பு நெளிந்த நீள இலைகள். அவைதான் அசோக மரங்கள் என்று அப்பா சொன்னார். சீதை உட்கார்ந்திருந்த மரம் அதுதான் என்றும் சொன்னார்.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். அந்த மரத்தடியில் ஒரு பூனைக்குக்கூட நிழல் கிடைக்காது. சீதை எங்கே உட்கார்ந்திருப்பாள்?

நெட்டிலிங்கத்தை அசோகம் என்று சொல்வது நம்மவர்களில் பாதிப் பேர் செய்யும் தவறு. எனக்கு அது தெரிந்தது கல்யாணத்துக்குப் பிறகு. ஏரிப் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் நிஜமான அசோகத்தைப் பார்த்தேன். குடை விரித்ததுபோல் தாழ்ந்த மரம். கறுத்த அடிமரத்திலிருந்தே கொத்துக் கொத்தாகப் பூ. காலையில் ஆரஞ்சு நிறத்தில் பார்த்த கொத்து இரண்டு நாள் கழித்துப் போனால் சிவந்திருக்கும். இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் காலமே அதற்குக் கிடையாது. புதுத் தளிர் விடும்போது மட்டும், செம்பு நிறத்தில் ஈரத் துணி போலத் துவண்டு தொங்கும். முதல்முறை பார்ப்பவர்கள் மரம் வாடுகிறது என்று பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். நானும் பிற்காலத்தில் ஊற்றியிருக்கிறேன்.

நான்கு விதை

ஒரு மழைக்காலத்தில் அதே தோட்டத்தில் கறுத்து வெடித்த காய் ஒன்று காலடியில் கிடந்தது. உள்ளே நான்கு விதை. ஒவ்வொன்றும் பெரிய புளியங்கொட்டையைப் போல மூன்று மடங்கு.

அசோக விதையை டப்பாவில் போட்டு வைத்து அடுத்த வருஷம் விதைக்க முடியாது. காய்ந்தால் செத்துப்போகும். அன்றே நான்கு மண்சட்டிகளில் ஊன்றினேன். மணல் ஒரு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, சாதாரண மண் ஒரு பங்கு. மண் ஈரமாக இருக்கவேண்டும், நீர் தேங்கக்கூடாது.

என் கணவர் சட்டிகளைப் பார்த்தார். “இதுல ஒண்ணு முளைச்சாலும் நான் மொட்டை போட்டுக்கிடுதேன்,” என்றார். அவர் தலையில் நேர்ந்துகொள்ள அப்போதே ஒன்றும் மிச்சமில்லை.

மூன்று விதை அழுகிப்போயிற்று. நான்காவது, நாற்பது நாள் கழித்து, யாருக்கும் சொல்லாமல் மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது.

இரண்டு வருஷம் தொட்டியில் இருந்தது. பிறகு எங்கள் குடியிருப்பின் கிழக்கு மூலையில், மதில் ஓரத்தில், ஒரு பெரிய கிருஷ்ணசூடா மரத்தின் நிழலில் நட்டேன். கிருஷ்ணசூடா என்பது நம் ஊர் மயில்கொன்றை. அசோகத்துக்கு இளமையில் அரை நிழல் வேண்டும். இடம் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன்.

ஊரடங்கு வருஷத்தில் அடித்த அந்தப் பெரும்புயலை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் கிருஷ்ணசூடா வேரோடு சாய்ந்து கிடந்தது. என் மரம் அப்போது என் உயரம்தான். சாய்ந்த மரத்தின் இரண்டு கிளைகளுக்கு நடுவே, கவட்டையில், ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

பிழைத்தது. ஆனால் நிழல் போயிற்று. அடுத்த கோடையில் இலை நுனிகள் கருகின. நாலு மூங்கில் நட்டு, என் பழைய பருத்திப் புடவை இரண்டைப் பந்தலாகக் கட்டினேன்.

“தீதி மரத்துக்குப் புடவை கட்டியிருக்காங்க. பொட்டு எப்போ?” என்று கேட்டார் மித்ரா பாபு.

மித்ரா பாபு எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். ஷிப்ராவின் கணவர். முதல் மாடி. அவர்களுடைய ஒரே மகன் புபாய் புனேயில் வேலை பார்க்கிறான். மித்ரா பாபு நல்ல மனிதர். காலி இடத்தைக் கண்டால் அதில் ஏதாவது கட்டவேண்டும் என்று தோன்றுவதுதான் அவரிடம் உள்ள குறை.

ஐந்து வீட்டுக் காபி

இனி நான் செய்த தவறு. இதை வேறு யார்மேலும் போட வழியில்லை. நோட்டிலேயே என் கையெழுத்தில் இருக்கிறது.

காபிச் சக்கை செடிக்கு நல்லது என்று எங்கோ படித்தேன். படித்ததை நம்புவது என் பலம், அதுவே என் பலவீனமும். எங்கள் குடியிருப்பில் ஐந்து தமிழ் வீடுகள். ஐந்திலும் காலையும் மாலையும் ஃபில்டர் இறங்கும். ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்: “சக்கையைக் குப்பையில போடாதீங்க. எனக்குக் குடுங்க.”

என் கணவர் ஒரு நீல நிறப் பெயின்ட் வாளியோடு தினமும் காலை மாடி மாடியாக ஏறினார். “அம்மா, பிச்சை,” என்று குரல் கொடுப்பார். பெண்கள் சிரித்துக்கொண்டே ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்டுவார்கள். சிக்கரி கலந்த, ஈரமான, கறுப்புச் சக்கை. அதை அப்படியே கொண்டுபோய் மரத்தடியில் கொட்டுவோம். கிளறவில்லை. மக்க வைக்கவில்லை. இரண்டு வருஷம்.

மரம் முதலில் நன்றாகத்தான் தெரிந்தது. இலை கரும்பச்சையாக மினுங்கியது. பூ மட்டும் வரவில்லை. ஆகவே இன்னும் கொஞ்சம் சக்கை போட்டேன்.

மூன்றாவது வருஷம் மழைக்காலத்தில் இலை மஞ்சளித்தது. உச்சிக்கிளை ஒன்று காய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளை ஊற்றினேன். மஞ்சள் கூடியது.

கடைசியில் நிமாயைக் கூப்பிட்டேன். நிமாய் பெஹாலாவில் பத்துப் பன்னிரண்டு வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் மாலி. அறுபது வயது இருக்கும். ஆனாலும் என்னை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார். பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்து குந்தினார். கொத்துக்கரண்டியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினார். டொக் டொக் என்று சத்தம் வந்தது.

“மாஷிமா, இங்க சிமென்ட் யார் போட்டது?”

“சிமென்ட் இல்லை. காபி.”

அவர் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்தார். ஒரு சாண் கனம். அடை போல. மேலே கல்லாக இறுகி, அடியில் பிசுபிசுவென்று வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. கோடையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடியிருக்கிறது. மழையில் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பட்டையை அழுகவைத்திருக்கிறது.

“எத்தனை வீட்டுக் காபி?”

“அஞ்சு.”

நிமாய் மரத்தைத் தட்டிக்கொடுத்தார், நோயாளியைத் தட்டுவதுபோல. “பாவம். அஞ்சு வீட்டு மெட்ராஸ் காபியைக் குடிச்சிட்டு ரெண்டு வருஷமா இது தூங்கியிருக்காது மாஷிமா. எங்கேர்ந்து பூக்கும்?”

என் கணவர் அன்று முழுவதும் சிரித்தார். மறுநாள் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

வைத்தியம் எளிது. சக்கையை முழுக்கச் சுரண்டி எடுத்து, அடிமரத்துக்குக் காற்றுப் படும்படி மண்ணைத் தாழ்த்தினோம். அழுகிய பட்டையை நல்ல பட்டை தெரியும்வரை கத்தியால் சீவி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவினோம். அதன் பிறகு சருகுதான் மூடாக்கு, அதுவும் அடிமரத்திலிருந்து ஒரு கை தள்ளி. மாதம் ஒருமுறை, ஊறவைத்த கடுகுப் புண்ணாக்குத் தண்ணீரை நன்றாக நீர்க்கவிட்டு ஊற்றினோம். அந்த நாற்றம் மூன்றாம் மாடிவரை போகும்.

“பிழைக்குமா?” என்று நிமாயைக் கேட்டேன்.

“பிழைச்சா பூக்கும். பயந்த மரம்தான் பூக்கும் மாஷிமா,” என்றார்.

கூட்டத்தில் எழுதிய ஒரு வரி

அந்தக் குளிர்காலத்துப் பொதுக்கூட்டத்தில் மித்ரா பாபு ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கிழக்கு மூலையில் ஸ்கூட்டர் நிறுத்தக் கொட்டகை. அங்கே நிற்கும் மரம் பாதி செத்தது. மதில் பக்கம் சாய்கிறது. வெட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் போடவேண்டும்.

மரம் சாயவில்லை. உச்சிக்கிளை போனதால் அப்படித் தெரிந்தது. எழுந்து நின்று சொன்னேன். நட்ட நாள், புயல் நாள், வைத்தியம் தொடங்கிய நாள், புதுத் தளிர் விட்ட நாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

மித்ரா பாபு பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “எல்லாத் தேதியும் உங்ககிட்ட இருக்கு தீதி. பூதான் இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அதை அன்றே நோட்டில் எழுதினேன்.

நான் உட்காரவில்லை. “வர்ற பொய்லா பைஷாக் வரைக்கும் நேரம் குடுங்க. அதுக்குள்ள பூத்தா மரம் நிக்கணும். பூக்கலைன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். விண்ணப்பத்துல நானே முதல் கையெழுத்துப் போடுறேன்,” என்றேன்.

பொய்லா பைஷாக் வங்காளிகளின் வருஷப் பிறப்பு. பெரும்பாலும் நம் சித்திரை முதல் நாளுக்கு மறுநாள்.

“ரொம்ப சரி,” என்றார் மித்ரா பாபு. பதிவேட்டுப் பிரிவில் இருந்தவள் வெறும் வாய்ப்பேச்சோடு விடுவேனா? தீர்மானப் புத்தகத்தில் அவர் கையாலேயே எழுதவைத்தேன். ‘பூத்தால் மரம் நிற்கும். இல்லையேல் அகற்றப்படும்.’

எனக்கு நம்பிக்கை இருந்தது. அடிமரத்துப் பட்டை ஆறிவிட்டது. கிளைக்கணுவில் நகத்தால் கீறினால் பச்சை தெரிந்தது.

காலபைஷாகி

பங்குனி தொடக்கத்தில் ஒரு நாள், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், பழைய கிளை ஒன்றின் அடியில், மிளகு மிளகாக ஒரு திரட்சி. இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். மொட்டு. ஒரே ஒரு கொத்து. பத்தொன்பது மொட்டு.

என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். “ஏ, ஆமாட்டி,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று இரண்டு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சஷ்டிக்கு முந்தின நாள் அந்த வருஷத்தின் முதல் காலபைஷாகி அடித்தது. மாலையில் மேற்கே மை கொட்டியதுபோல் இருண்டு, புழுதி கிளப்பி, சடசடவென்று அடித்து ஓயும் கோடைப்புயல். ஓய்ந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மொட்டுகள் ஈரத் தரையில் மிளகு சிந்தியதுபோல் கிடந்தன.

கொத்தில் ஏழு மிச்சம். பழைய கொசுவலைத் துண்டால் கொத்தை மூடிக் கட்டினேன். சஷ்டியிலிருந்து பொய்லா பைஷாக்குக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஏழு மொட்டும் தடித்து நிறம் கண்டிருந்தன. ஒரு வாரத்தில் மலரும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த நிலைமையில்தான் ஷிப்ரா தட்டோடு வந்தாள்.

வாசலில் வந்தவள்

நான் மேலே வந்தபோது என் கணவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பால்கனியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

“ஷிப்ரா எதுக்கு வந்தா?”

சொன்னேன்.

“குடுத்தியா?”

“எப்படிங்க குடுக்க முடியும்? இருக்கிறதே ஏழு. ஆறைக் குடுத்துட்டு, பூக்கலைன்னா மரத்தை வெட்டிருவாவ. தீர்மானத்துல எழுதியிருக்கு.”

“மார்க்கெட்ல இல்லியாமா?”

“கேக்கல.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “பசியோட வந்தவட்ட அதைக்கூடக் கேக்கலியா நீ?”

நான் அந்த டம்ளரைக் கழுவ எடுத்தேன்.

“ஒம்பது வருஷமா மரம் வளத்த. நல்ல விஷயம். வாசல்ல பட்டினியா வந்து நின்னவளைத் திருப்பி அனுப்புததுக்கு எதுக்குட்டி ஒரு மரம்? ஸ்கூட்டர் நின்னாலாவது ஒருத்தனுக்கு உதவும்.”

கோபமாகச் சொல்லவில்லை. லேத்தில் அளவு தப்பிய சாமானைத் தள்ளிவைப்பதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

முதல் மாடிக்கு இறங்கினேன். ஷிப்ரா கதவைத் திறந்தாள். பின்னால் மேஜையில் அந்தத் தட்டு அப்படியே இருந்தது. அவள் உதடு காய்ந்திருந்தது.

“மார்க்கெட்ல கிடைக்கலியா?” என்று கேட்டேன், தாமதமாக.

“மூணு மார்க்கெட் அலைஞ்சேன் தீதி. மொட்டு விக்கிறவங்க எல்லாம் தெற்கே கிராமத்துலேர்ந்து லோக்கல் ட்ரெயின்ல வர்றவங்க. புயல்ல கம்பி அறுந்து காலைலேர்ந்து ட்ரெயின் இல்ல. உங்க தீர்மானம் எனக்குத் தெரியாதா? அவர் எழுதறப்போ நானும்தானே அங்க இருந்தேன். அதனாலதான் கடைசியா உங்ககிட்ட வந்தேன்.”

“வா,” என்றேன்.

“வேண்டாம் தீதி. மரம் போயிடும்.”

“போகாது. வா.”

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

கொசுவலையை நான் அவிழ்த்தேன். பறிக்கவேண்டியவள் அவள். ஒவ்வொரு மொட்டாக, காம்பு நோகாமல், விரல் நுனியால் கிள்ளினாள். வெற்றிலையில் ஆறும் வரிசையாக உட்கார்ந்தன. வாழைப்பழத்தில் சின்னக் குழி செய்து, மொட்டும் பயறும் பொதிந்து, கிழக்குப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் தொண்டை ஏறி இறங்கியது. மேலே ஒரு வாய் தயிர்.

முடித்ததும் அடிமரத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை வேரில் ஊற்றினாள், அடிமரத்திலிருந்து ஒரு கை தள்ளி. அந்த விதியை நான் குடியிருப்பு முழுக்கச் சொல்லியிருந்தேன்.

“புபாய் பேர்லயா?” என்று கேட்டேன்.

“வேற யார் இருக்கா?”

ஏழாவது

ஏழாவது மொட்டைப் பதினோரு நாள் காத்தேன். தினமும் காலை, மாலை. மஞ்சள் முற்றி ஆரஞ்சாயிற்று. முனை லேசாகப் பிளந்ததுபோலக்கூடத் தெரிந்தது.

நம் வருஷப் பிறப்பன்று விடிகாலை, கனி காண வைத்த தட்டைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். கொசுவலைக்குள் வெறும் காம்பு. மொட்டு வலையின் அடியில் கிடந்தது, திறக்காமல்.

அதை நோட்டில், முதல் பூவுக்கென்று கட்டம் போட்டு வைத்திருந்த பக்கத்திலேயே வைத்து மூடினேன். மாங்காயும் வேப்பம்பூவும் போட்ட பச்சடி அன்று எனக்கு ருசி தெரியவில்லை.

மறுநாள் மாலை கூட்டம். வங்காளிப் புதுவருஷம் என்பதால் எல்லோரும் புதுத்துணி. மேஜைமேல் சந்தேஷ் பெட்டிகள். ஷிப்ரா ஒவ்வொருவருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மித்ரா பாபு தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, அவர் எழுதிய வரியை அவரே வாசித்தார். தலையை உயர்த்தினார்.

“தீதி, பூத்துதா?”

“இல்லை,” என்றேன். பேனாவுக்காகக் கையை நீட்டினேன். விண்ணப்பத்தில் முதல் கையெழுத்து என்னுடையது என்று வாக்குக் கொடுத்திருந்தேனே.

“பூக்க நான் விடல,” என்றாள் ஷிப்ரா.

சந்தேஷ் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

“இருந்ததே ஏழு மொட்டு. சஷ்டி அன்னிக்கு ஆறு நான் முழுங்கினேன்.”

மித்ரா பாபு மெதுவாகக் கேட்டார்: “எந்த மரத்துலேர்ந்து?”

“நீங்க வெட்டணும்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அந்த மரத்துலேர்ந்துதான்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“இருபத்தாறு வருஷமா சஷ்டிக்கு என்ன சாப்பிட்டேன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?”

பின்வரிசையில் பெண்கள் சிரித்தார்கள். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். என் கணவர் மட்டும் சந்தேஷைத் தின்றுகொண்டு மித்ரா பாபுவையே பார்த்தார்.

இரண்டாம் மாடிப் பெரியவர் ஒருவர், எப்போதும் கூட்டத்தில் தூங்குகிறவர், கண்ணைத் திறந்தார். “மித்ரா, உன் பிள்ளை நல்லா இருக்கணும்னு இவ அந்த மரத்தைத் தின்னுருக்கா. அதுல கோடாலி வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேற யாராவது போடறதா இருந்தா கையைத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. மித்ரா பாபு பேனாவை மூடினார்.

“நான் மட்டும் போடுவேனா?” என்றார். குரல் கொஞ்சம் தழைந்திருந்தது. பிறகு செயலாளர் ஆனார். “கொட்டகை கேட் பக்கம் போகட்டும். ஆனா தீதி, இதை மினிட்ஸ்ல எப்படி எழுதறது? நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். அவர் எழுதினார். ‘மரம் நிற்கும். காரணம் கூட்டத்துக்குத் தெரியும்.’

படியேறும்போது என் கணவர் சொன்னார்: “உங்க ஆபீஸ்லகூட இவ்வளவு சின்னதா ஒரு ஃபைலை நீ மூடினதில்லட்டி.”

“நீங்க அன்னிக்குச் சொன்னது இப்படி ஆகும்னு தெரிஞ்சா சொன்னிய?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அவ பசிச்சு நின்னா. அவ்வளவுதான்.”

இந்த வருஷம் அடிமரத்திலிருந்தே கொத்து வெடித்திருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். சஷ்டியன்று எங்கள் குடியிருப்பிலிருந்து மட்டுமல்லாமல் எதிர்த் தெருவிலிருந்தும் பெண்கள் தட்டோடு வந்தார்கள். மித்ரா பாபு வரிசையை ஒழுங்குபடுத்தினார். ‘அடிமரத்திலிருந்து ஒரு கை தள்ளித் தண்ணீர் ஊற்றவும்’ என்று ஓர் அட்டையும் எழுதி மாட்டியிருக்கிறார். பறித்தது போக மிச்சமெல்லாம் மலர்ந்தன. மலர்ந்த நாளும் நேரமும் நோட்டில் இருக்கிறது.

போன வருஷத்துப் பக்கத்தை நேற்றுப் புரட்டினேன். ஏழாவது மொட்டு காய்ந்து, தாளில் துருக்கறை போல ஒரு புள்ளி விட்டிருக்கிறது. அதற்கு மேலே நான் கோடு போட்டுத் தயாராக வைத்திருந்த கட்டங்கள். ‘முதல் பூ’ என்ற கட்டத்தில் சஷ்டியின் தேதி. ‘மலர்ந்த நேரம்’ என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரே சொல்.

‘விழுங்கப்பட்டது.’